தெரியவில்லை என்பதை இல்லை என்று படித்தேன்: மட்டக்களப்பு வாவிக்கரையில் பதின்மூன்று நாட்கள்

என் வலது காலைப் பற்றிக் கடைசியாக உறுதியான செய்தி இது: இரண்டாவது விரலுக்கு நேர் பின்னால் உள்ள பாத எலும்பில் மெல்லிய முறிவு. அதைச் சுற்றி எலும்பு மீண்டும் பொருந்தத் தொடங்கியதன் வெண்மையும் தெரிகிறது. ஆதாரம், செவ்வாய்க்கிழமை காலை 10.40க்கு மட்டக்களப்பு நகரில் எடுத்த எக்ஸ்ரே படமும், அன்று பிற்பகல் வைத்தியர் கையொப்பமிட்ட ஒன்றரைப் பக்க அறிக்கையும். “காயம் இரண்டு அல்லது மூன்று வாரப் பழையது” என்று அறிக்கையின் கடைசி வரி சொல்கிறது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த வரியைப் பற்றியதுதான்.

இதை வியாழக்கிழமை பிற்பகல் நாவற்குடாவில் உள்ள என் வாடகை அறையில் இருந்து எழுதுகிறேன். கால் ஒரு தலையணை மேல் இருக்கிறது. வாவிக்கரையில் பயிற்சி எடுக்க வர நினைக்கும் பலர் வழி, செலவு, தங்குமிடம் எல்லாம் கேட்டு எழுதியிருந்தீர்கள். அவை அனைத்தும் கீழே இருக்கின்றன. கூடவே, நான் செய்த பிழையும் இருக்கிறது. அதைத் தாண்டிப் போக விரும்புகிறவர்கள் போகலாம், ஆனால் உங்களுக்கு அதிகம் உதவப்போவது அதுதான்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தெட்டு வருடமாகச் செய்தியாளன், அதைவிட இரண்டு வருடம் கூடுதலாக ஓடுகிறவன். போன வருடம் சைக்கிளோடு கிழக்குக் கரையைச் சுற்றியபோது காத்தான்குடியில் றிஸ்வானைச் சந்தித்தேன். நாற்பத்தொரு வயது, துணிக்கடை வைத்திருக்கிறார். கட்டாரில் ஒன்பது வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர், அங்கேதான் பந்தய சைக்கிள் பழகினாராம். வாவியில் நடக்கும் ட்ரையத்லோனில் மூவர் அணியாகப் பங்குபற்ற அவருக்கு ஆசை. வாவியில் ஒன்றரைக் கிலோமீற்றர் நீச்சல் ஒருவர், நாற்பது கிலோமீற்றர் சைக்கிள் ஒருவர், பத்துக் கிலோமீற்றர் ஓட்டம் ஒருவர். நீந்த சுபாஷினி இருந்தாள். ஓட ஆள் இல்லை. என்னைக் கேட்டார். ஒப்புக்கொண்டேன்.

சுபாஷினிக்கு இருபத்தொன்பது வயது. தன்னாமுனையில் பிறந்து வளர்ந்தவள், அப்பா வாவியில் வலை போடுகிறவர். இப்போது ஒரு பாடசாலையில் தற்காலிகமாக நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். நிரந்தரமான பயிற்றுநர் வேலை ஒன்றுக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். வயதெல்லை முப்பது. திறந்த நீரில் நீந்திய நேரத்துக்கு அதிகாரபூர்வமான சான்றிதழ் வேண்டும். இந்தப் பக்கத்தில் அப்படிச் சான்றிதழ் கிடைக்கும் ஒரே இடம் இந்தப் போட்டி. மூவர் அணியில் ஒருவர் முடிக்காவிட்டாலும் அணி முடிக்கவில்லை என்றுதான் பதிவாகும், நீந்தியவரின் நேரமும் வெளிவராது. அதாவது அவளுடைய வேலை என் காலில் இருந்தது. இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

போட்டிக்கு நாலு வாரத்துக்கு மேல் இருந்தபோது, இரண்டு வார விடுமுறையில் இங்கே வந்து ஓய்வையும் பயிற்சியையும் சரியாகக் கலந்து எடுப்பது என்று திட்டம் போட்டேன். வருவதற்கு ஒரு வாரம் முன்பே வலது பாதத்தில் ஓடும்போது ஒரு குத்தல் இருந்தது. அதனால் திட்டத்தில் ஐந்து நாள் முழு ஓய்வு எழுதினேன். எழுதியதோடு சரி.

கொழும்பு கோட்டையிலிருந்து சனிக்கிழமை காலை 6.05 ரயில். சைக்கிளைப் பொதிப் பெட்டியில் ஏற்ற நாற்பது நிமிடம் முன்னதாகப் போய்ப் பதியவேண்டும். முன்சில்லைக் கழற்றிச் சட்டத்தோடு கட்டிக்கொடுங்கள், இல்லாவிட்டால் வளைந்து வரும். மட்டக்களப்பில் இறங்கியபோது பிற்பகல் 3.10. நிலையத்திலிருந்து நாவற்குடாவுக்கு ஆட்டோவில் 600 ரூபா கொடுத்தேன், சைக்கிள் பின்சீற்றில் என் மடியில் கிடந்தது. ஆட்டோக்காரர் கல்லடிப் பாலம் தாண்டியதும் கேட்டார்:

“இத ஓடுற ஆள்தானே நீங்க? மறுகா ஏன் ஆட்டோவில போறீங்க?”

அறை ஒரு நாளைக்கு 4,500 ரூபா, காலைச் சாப்பாடு உட்பட. வாவி இருநூறு மீற்றர் மேற்கே, கடல் ஒரு கிலோமீற்றர் கிழக்கே. பயிற்சிக்கு இதைவிட வசதியான இடம் இலங்கையில் எனக்குத் தெரியாது. நிலம் தட்டை. வண்டிகள் குறைவு. ஆனால் இது கச்சான் காலம். மேற்கிலிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்று காலை ஒன்பதரைக்குப் பிறகு கிளம்பினால் மாலைவரை விடாது. பயிற்சியை அதற்கு முன் முடித்துவிடுங்கள்.

ஞாயிறு காலை 5.45க்கு மூவரும் வாவிக்கரையில் கூடினோம். சுபாஷினி தன்னாமுனையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். றிஸ்வான் விடிகாலை சுபஹு தொழுதுவிட்டு நேராக வருவார். வாவியில் முதலை இருக்கிறது. பயமுறுத்த இதை எழுதவில்லை, இருப்பதால் எழுதுகிறேன். எந்தப் பக்கம் இறங்கலாம் என்று அன்றன்று தோணிக்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்கவேண்டும். அன்று கேட்டபோது, இறால் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இவர் இறங்கலாம். முதலை தின்னாது. எலும்புதான் இரிக்கி.”

“அப்ப என்னய?” என்றார் றிஸ்வான். அவருக்குக் கொஞ்சம் வயிறு உண்டு.

“நீங்க கரையில நில்லுங்க காக்கா. உங்களக் கண்டா அது கூட்டாளிமாரையும் கூட்டிக்கு வந்திரும்.”

சுபாஷினி சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் போனாள். ஒன்றரைக் கிலோமீற்றரை 26 நிமிடம் சொச்சத்தில் முடித்தாள். நான் பாதித் தூரம் நீந்திவிட்டுக் கரையேறினேன். மணலில் கால் வைத்தபோது பாதத்தில் அந்தக் குத்தல் மீண்டும் வந்தது. அவள் பார்த்துவிட்டாள்.

“கால் என்ன அண்ணன்?”

“ஒன்றுமில்லை, சிப்பி.”

இதுதான் முதல் பொய். அதிகம் யோசிக்காமல் வந்தது.

திங்கட்கிழமை நகரில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த பிசியோ முப்பது வயதுப் பெண். என் பாதத்தை ஒரு விரலால் அழுத்தினார், நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். எடுத்தேன். அறிக்கையில் இருந்தது ஒரே வரி: முறிவு எதுவும் தென்படவில்லை.

எனக்குச் சந்தோஷம். அதை அவரிடம் நீட்டினேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“சேர், தெரியல்ல எண்டா இல்ல எண்டு இல்ல. இன்னும் தெரியல்ல, அவ்வளவுதான். இந்த மாதிரி வெடிப்பு ரெண்டு மூணு கிழமைக்குப் பிறகுதான் படத்தில வரும். பத்து நாள் ஓட வேணாம். வெறுங்காலோட மணல்ல நடக்கவும் வேணாம். நீந்துங்க, சைக்கிள் மெதுவா ஓடுங்க. மறுகா இன்னொரு படம் எடுத்துப் பாப்பம்.”

“போட்டி இருக்கிறது.”

“போட்டி வருசா வருசம் வரும் சேர். இந்தக் கால் ஒண்டுதான்.”

“மற்றக் கால் இருக்கிறதே,” என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

என் தொழிலில் முதல் வருடம் கற்றுக்கொடுப்பது இதைத்தான். ஒரு தகவலை உறுதிப்படுத்த முடியவில்லை என்பதும் அது மறுக்கப்பட்டது என்பதும் வேறு வேறு. இளம் செய்தியாளர்கள் இரண்டையும் குழப்பி எழுதிய பிரதிகளை நூற்றுக்கணக்கில் வெட்டியிருக்கிறேன். தலைப்பைத் தீர்மானித்துவிட்டு அதற்கு ஒத்துவரும் ஆளைத் தேடிப் போகிறவர்களை முகத்துக்கு நேரே ஏசியிருக்கிறேன். அன்று மாலை அறைக்கு வந்ததும் கொழும்பில் உள்ள ஒரு நண்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். முன்னாள் ஓட்டக்காரர். பிசியோ சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. அறிக்கையின் வரியை மட்டும் வாசித்துக் காட்டினேன். “அப்ப என்ன, மெல்லமா ஓடு,” என்றார். இரண்டாவது ஆதாரமும் கிடைத்துவிட்டது.

செவ்வாயும் புதனும் திட்டப்படி ஓய்வு நாட்கள். இரண்டு நாளும் விடியற்காலை 4.50க்கு எழுந்து நாவற்குடாவிலிருந்து கல்லடிப் பாலம் வரை ஓடிப்போய் ஓடிவந்தேன். போகவர ஐந்து கிலோமீற்றர். எங்கள் மூவருடைய கைக்கடிகாரங்களும் ஒரே செயலியில் இணைந்திருந்தன, ஒருவர் ஓடினால் மற்ற இருவருக்கும் தெரியும். அதனால் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனேன். இருபத்தெட்டு வருடத்தில் நான் எந்தக் குறிப்பையும் மறைத்ததில்லை என்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு காலைகளும் எந்தப் பதிவிலும் இல்லை. புதன்கிழமை மாலை கல்லடிக் கடற்கரையில் வெறுங்காலோடு ஆறு கிலோமீற்றர் நடந்தேன், அதற்கு ஓய்வு என்று பெயரும் வைத்தேன்.

ஆனால் இது கொழும்பு இல்லை. இங்கே காலை ஐந்து மணிக்குப் பாலத்தில் ஒரு அந்நியன் நொண்டிக்கொண்டு ஓடினால் எட்டு மணிக்குக் காத்தான்குடிச் சந்தைக்குச் செய்தி போய்விடும். பாலத்தடியில் மீன் விற்கும் ஒருவர் றிஸ்வானிடம் சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை றிஸ்வான் என்னைச் சைக்கிளில் வெல்லாவெளிக்கு அழைத்துப்போனார். கொக்கட்டிச்சோலை வரை போய்த் திரும்புவதுதான் திட்டம். அவர்தான் “இன்னும் கொஞ்சம் போவம், ஒரு டீச்சர் இரிக்கா, அறிமுகப்படுத்திறன்” என்றார். வழி இது: காத்தான்குடி, ஆரையம்பதி, பிறகு வலப்பக்கம் திரும்பி மண்முனைப் பாலம். பாலத்தின் மேல் காற்று பக்கவாட்டில் அடிக்கும், கையை இறுக்கிப் பிடிக்கவேண்டும். அக்கரைதான் படுவான்கரை, வாவியின் மேற்குப் பக்கம். அதற்குப் பிறகு வீதியின் இரண்டு பக்கமும் வயல் வட்டைகள், சிறுபோக நெல் முழங்கால் உயரத்தில் நின்றது. நாவற்குடாவிலிருந்து வெல்லாவெளி என் மானியில் 34 கிலோமீற்றர், ஒன்றரை மணி நேரம். வழியில் நிழல் குறைவு. தண்ணீர் இரண்டு போத்தலாவது வேண்டும், கொக்கட்டிச்சோலையை விட்டால் கடைகள் ஐதாகத்தான் வரும்.

டீச்சர் என்று அவர் சொன்னது கமலினியை. முப்பத்தெட்டு வயது, உடற்கல்வி ஆசிரியை. தேநீர்க் கடையில் எங்களுக்காகக் காத்திருந்தார். அணிக்குப் பெயர் பதிந்த நேரத்தில் அவர் வலயப் போட்டி வேலைகளில் இருந்தாராம், அதனால் றிஸ்வான் அவரைக் கேட்கவில்லை. பத்துக் கிலோமீற்றர் எத்தனை நிமிடம் என்று கேட்டேன்.

“நாப்பத்தொம்பது, அம்பது வரும் அண்ணன். காத்துக்கு எதிரா எண்டா ஒண்டு ரெண்டு கூட.”

என்னுடையது ஐம்பத்து நாலு. கால் நன்றாக இருந்த காலத்தில்.

“நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள பேர் மாத்தலாம் தெரியுமா?” என்றார் றிஸ்வான், தேநீரை ஆற்றிக்கொண்டே, யாரிடமும் சொல்லாததுபோல. “ஒரு படிவம். மூணு கையொப்பம். அவ்வளவுதான்.”

“எனக்குப் பிரச்சினையில்ல நானா,” என்றார் கமலினி றிஸ்வானிடம். “அண்ணன் ஓடினா நல்லது. ஏலாட்டி ஒரு சொல் சொல்லுங்க, நான் வாறன்.”

நான் இஞ்சி பிஸ்கட்டைப் பற்றிப் பேசினேன். நல்ல பிஸ்கட் என்று சொன்னேன். வெறும் அறிமுகத்துக்கு யாரும் கச்சான் காலத்தில் முப்பத்துநாலு கிலோமீற்றர் மிதிப்பதில்லை. றிஸ்வான் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். திரும்பும்போது வந்த வழியே போவோம் என்றார், நான்தான் பட்டிருப்புப் பாலம் வழியாகப் பெருவீதியில் போவோம் என்று பிடிவாதம் பிடித்தேன். எழுபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல் ஆகிவிட்டது. மெதுவாக ஓடச் சொன்ன சைக்கிள் அது.

வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். விதி தெளிவானது: போட்டிக்கு மூன்று வாரத்துக்கு முந்திய வெள்ளி மாலை 5 மணிவரை, காரணம் சொல்லாமலே அணியில் ஒருவரை மாற்றலாம். அதற்குப் பிறகு மாற்றவேண்டுமானால், காயம் அந்த நேரத்துக்குப் பின் ஏற்பட்டதாக வைத்தியச் சான்று வேண்டும், ஏற்பாட்டுக் குழு கூடி முடிவெடுக்கும்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து, கடை திறந்து, றிஸ்வான் என் அறைக்கு வந்தபோது பிற்பகல் 3.40. படிவத்தை அச்செடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சுபாஷினியின் கையொப்பமும் கமலினியின் கையொப்பமும் அதில் ஏற்கெனவே இருந்தன, மிச்சம் என்னுடையது மட்டும். காலையில் இரண்டு பக்கமும் ஸ்கூட்டரில் ஓடியிருக்கிறார். உட்காரவில்லை.

“அண்ணன், நேராக் கேக்கிறன். பாலத்தடியில நொண்டி நொண்டி ஓடினது நீங்கதானே?”

“கொஞ்சம் இறுக்கம். அவ்வளவுதான்.”

“இறுக்கம் எண்டா கடிகாரத்த ஏன் கழட்டினீங்க?”

எழுந்துபோய் மேசையிலிருந்து அந்த எக்ஸ்ரே அறிக்கையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். முறிவு எதுவும் தென்படவில்லை. அவர் அதை இரண்டு முறை வாசித்தார். அவர் முகம் இளகியதைப் பார்த்தேன்.

“இத முதலே காட்டியிருக்கலாமே. நான் என்னமோ ஏதோ எண்டு பயந்திட்டன். சுபா இரவு நித்திரை கொள்ளல்ல தெரியுமா?”

“அவளிடம் சொல்லுங்கள், நான் முடிப்பேன்.”

படிவத்தை மீண்டும் மடித்துப் பையில் வைத்தார். போகும்போது மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார். பிசியோ சொன்ன மற்ற வார்த்தைகளை நான் சொல்லவில்லை. காட்டிய காகிதத்தில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. ஆவணத்தைக் காட்டி மனிதரை ஏமாற்றுவது எப்படி என்று அதிகாரிகளிடமிருந்து வருடக்கணக்காகப் பார்த்து வந்தவன் நான். நன்றாகவே கற்றிருக்கிறேன்.

மணி ஐந்தானது. வாவியில் சூரியன் இன்னும் உயரத்தில் நின்றது.

சனிக்கிழமை காலை மூவரும் சேர்ந்து ஒரு ஒத்திகை பார்த்தோம். சுபாஷினி நீந்திவந்து றிஸ்வானின் கையைத் தொட்டாள். றிஸ்வான் இருபது கிலோமீற்றர் ஓட்டிவந்து என் கையைத் தொட்டார். நான் ஓடத் தொடங்கினேன். நாலாவது கிலோமீற்றரில், ஆரையம்பதிக்குச் சற்று முன், பாதத்துக்குள் ஒரு குச்சி முறிந்ததுபோல் இருந்தது. சத்தம் கேட்டதா, உணர்ந்தேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வீதியோரம் ஒரு கடை முன்னால் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். கடைக்கார அம்மா தண்ணீர் தந்து, “எங்க மகன் விழுந்த?” என்றார். விழவில்லை என்றேன். றிஸ்வான் தேடிவந்தபோது, தசை பிடித்துவிட்டது, இரண்டு நாளில் சரியாகும் என்றேன். இதை எழுதும்போது எண்ணிப் பார்த்தேன், வாயால் சொன்ன பொய்களில் இது நாலாவது.

ஞாயிறும் திங்களும் அறையை விட்டு வெளியே வரவில்லை. செவ்வாய் பிசியோ சொன்ன பத்தாம் நாள் இல்லை, எட்டாம் நாள்தான், இருந்தாலும் அவரிடம் போனேன். என் நடையைப் பார்த்ததுமே எதுவும் கேட்காமல் எக்ஸ்ரேவுக்கு எழுதித் தந்தார். படம் வந்ததும் பேனா முனையால் அந்தக் கோட்டைக் காட்டினார். சுற்றியிருந்த வெண்மையையும் காட்டினார்.

“இது ரெண்டு மூணு நாளில வந்த வெண்மை இல்ல சேர். நீங்க முதல் நாள் வரக்குள்ளயே வெடிப்பு இருந்திருக்கு. அண்டைக்கு நிப்பாட்டியிருந்தா இவ்வளவுக்குப் போயிராது.” பிறகு குரலை மாற்றாமல் கேட்டார்: “ஓடினீங்கதானே?”

ஓம் என்றேன். அந்த வாரம் நான் நேராகச் சொன்ன முதல் பதில் அது. குறைந்தது ஆறு வாரம் ஓட்டம் இல்லை. போட்டிக்கு அன்று மிச்சம் பத்தொன்பது நாள்.

அன்று மாலை இருவரையும் வரச் சொல்லி எல்லாவற்றையும் நாள் வாரியாகச் சொன்னேன். றிஸ்வான் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் படிவம் இன்னும் என்ட பையிலதான் கிடக்கு அண்ணன்,” என்றார். சுபாஷினி இரண்டு படங்களையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். தேதிகளைப் பார்த்தாள். மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

ஆளை மாற்ற வழி உண்டா என்று இரவே கேட்டு எழுதியிருந்தேன், புதன் காலை ஏற்பாட்டுக் குழுவிலிருந்து ஒருவர் பேசினார். நல்ல மனிதர், உதவத்தான் பேசினார். முழு அறிக்கையையும் அனுப்பவேண்டியதில்லை, சனிக்கிழமை ஓடும்போது காயம் வந்தது என்று ஒரு கடிதமும், ஓட முடியாது என்ற சான்றும் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். “சனிக்கிழமைதானே சேர் முறிஞ்சது? அதுவும் உண்மைதானே?” என்றார். உண்மைதான். அரை உண்மை எப்படி வேலை செய்யும் என்று வெள்ளிக்கிழமையே பார்த்திருந்தேன்.

அவர் சொன்னதைச் சொல்லி, அப்படி எழுத மாட்டேன் என்று நான் சுபாஷினிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“அண்ணன், நீங்க உங்கட கால மறைக்கிறதுக்குப் பொய் சொன்னீங்க. இப்ப என்ட வேலைக்கு ஒரு பொய் சொல்லுங்க எண்டா, உண்மைதான் பேசுவன் எண்டுறீங்க.”

“சுபா, அறிக்கையிலேயே இரண்டு மூன்று வாரம் என்று இருக்கிறது. பிறகு கேட்டால் உன் சான்றிதழும் சேர்ந்து போய்விடும்.”

“அது எனக்கும் விளங்கும். நான் கேக்கிறது அது இல்ல. வெள்ளிக்கிழம வராத உண்மை இப்ப எதுக்கு வருகுது?”

அவள் சொன்னது சரி. எனக்கு உண்மை எப்போதும் வேறு யாரோ விலை கொடுக்கும் இடத்தில்தான் சுலபமாக வந்திருக்கிறது. அவள் தொடர்பைத் துண்டித்தாள். அதற்குப் பிறகு பேசவில்லை. இனிப் பேசுவாள் என்றும் எதிர்பார்க்கவில்லை.

இன்று காலை 11.05க்குக் கடிதத்தை அனுப்பினேன். இரண்டு படங்கள், இரண்டு அறிக்கைகள், பிசியோ சொன்ன அறிவுரை, கடிகாரத்தைக் கழற்றிய இரண்டு காலைகள், வெள்ளி 3.40க்கு நான் காட்டிய காகிதம், எல்லாம் அதில் உள்ளன. மற்ற இருவருக்கும் பிசியோ சொன்னது தெரியாது என்றும், மாற்றுப் படிவம் அன்றே கையொப்பத்தோடு தயாராக இருந்தது என்றும், அதைத் தடுத்தது நான் மட்டும் என்றும் எழுதினேன். தண்டனை தேவையென்றால் எனக்கு எத்தனை வருடத் தடையும் போடலாம், கமலினியை ஓட விடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். றிஸ்வான் அந்தப் பழைய படிவத்தின் படத்தையும் இணைத்து அனுப்பினார். மடிப்புக் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன.

வர நினைப்பவர்களுக்கு மிச்ச விபரம். வாவியில் இறங்க நல்ல நேரம் காலை ஐந்தே முக்காலிலிருந்து ஏழரை வரை. வலைக் கம்புகள் நிற்கும் இடத்தைத் தவிர்க்கவும், அவை மற்றவர்களின் சாப்பாடு. சைக்கிளுக்குக் கொக்கட்டிச்சோலை போய்த் திரும்பும் பாதை போதும், வெல்லாவெளிச் சுற்று நல்ல காலோடு வருபவர்களுக்கு. வெள்ளி நண்பகல் காத்தான்குடியில் கடைகள் மூடியிருக்கும். நீச்சல் உடையோடும் இறுக்கமான சைக்கிள் உடையோடும் ஊருக்குள் நிற்காதீர்கள், ஒரு நீளச் சட்டையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நகரில் எக்ஸ்ரே அன்றன்றே கிடைக்கும். இங்கே எருமைத் தயிர் நல்லது, அதை ஓய்வு நாளில் சாப்பிடுங்கள், ஓய்வு நாளை ஓய்வு நாளாகவே வைத்துக்கொண்டு.

பாதத்தின் மேல் ஒரு விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் வலிக்கிறதென்றால் ஓடாதீர்கள். முதல் படத்தில் ஒன்றும் தெரியாததை அனுமதிச் சீட்டாக எடுக்காதீர்கள். அணியாக ஓடுகிறீர்கள் என்றால், வலிக்கிறது என்று தெரிந்த அன்றே அணிக்குச் சொல்லுங்கள். அவர்களிடம் இன்னொரு ஆள் இருக்கலாம். உங்களைவிட வேகமான ஆளாகவும் இருக்கலாம்.

இனி வரவேண்டியவை. ஏற்பாட்டுக் குழு அடுத்த புதன் மாலை 4 மணிக்குக் கூடுகிறது, முடிவை அன்றே மின்னஞ்சலில் அறிவிப்பார்கள். கமலினி அதுவரை காத்திருக்கவில்லை. நேற்றிலிருந்து வெல்லாவெளியில் பள்ளிக்கூடம் விட்டதும் காற்றுக்கு எதிராகப் பத்துக் கிலோமீற்றர் ஓடுகிறார் என்று றிஸ்வான் சொன்னார். போட்டிக்கு இன்னும் பதினேழு நாள். பயிற்றுநர் வேலைக்கான விண்ணப்பம் போட்டி முடிந்த நாலாவது நாள் மூடப்படுகிறது. சுபாஷினியின் விண்ணப்பப் படிவம் நிரப்பப்பட்டுவிட்டது, நேரம் எழுதும் கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. இதுவும் றிஸ்வான் சொன்னதுதான். அவளிடம் கேட்டு உறுதிப்படுத்த என்னால் முடியவில்லை.